மூன்றாம் இலக்க மரம்

ஒட்டுசுட்டானுக்குப் போகும் றோட்டில் கிறஷர்.
அதற்கு வடகிழக்கே, சோளகம் தூசைக் கொண்டுபோகும் வழியில்
நூறு மீற்றருக்கு ஒன்றாய்
பன்னிரண்டு பாலை மரங்களைத் தெரிந்து
சிவப்புப் பெயின்றால் இலக்கமிட்டிருந்தோம்.

என் கையில் ஒரு கண்ணாடித்தாள்.
பத்துக்குப் பத்தாய் நூறு கட்டங்கள்.
நெஞ்சளவு உயரத்தில் பட்டையோடு வைத்து
எத்தனை கட்டத்தில் இலைக்கன் படர்ந்திருக்கிறதென்று
எண்ணவேண்டும்.
அவ்வளவுதான் உத்தியோகம்.
ஆறு மாத ஒப்பந்தம். பெற்றோல் காசு தனி.

முதலாம் மரம்: பூச்சியம்.
விரலால் தடவினேன், மாவாய் வந்தது.
இரண்டாம் மரம்: பூச்சியம்.
மூன்றாவதில் வாடைப்பக்கம் மட்டும்
தேமல்போல
நாலு கட்டம்.

இலைக்கன் என்பது ஒன்றல்ல, இரண்டு.
பூஞ்சணம் வீடு கட்டுகிறது, பாசி சமைக்கிறது.
வேர் கிடையாது. படலை கிடையாது.
காற்று கொண்டுவந்து வைத்ததைத்தான்
தின்றாகவேண்டும்.
வேண்டாமென்று சொல்ல
ஒரு தோல்கூட இல்லை அதற்கு.
காற்றளக்கும் மெசின்
திருத்தக் கொழும்புக்குப் போய் ஒன்றரை வருசம்.
ஆகவே இதனிடம் கேட்கிறோம்.

ஐந்தில் பதினொன்று. ஆறில் பத்தொன்பது.
ஏழில்தான் முதன்முதலாய் மடல் விரித்த ஒன்று,
ஐந்து ரூபாய்க் குற்றியளவு,
விளிம்பு சுருண்டு.

எட்டாம் மரத்தில்
என் தோளுயரத்துக்கு ஒரு பழைய காயம்.
இரும்பை உள்ளே வைத்துக்கொண்டே
பட்டை மூடப் பார்த்திருக்கிறது.
மூடாத உதட்டைச் சுற்றிச் சாம்பல் வட்டங்கள்.
வட்டத்தின் குறுக்களவு தெரிந்தால்
காயத்தின் வயதைச் சொல்லலாமென்று
பயிற்சியில் படிப்பித்தார்கள்.
அடிமட்டத்தை எடுத்தேன். திரும்பப் பைக்குள் வைத்தேன்.
அந்த வருசம் எனக்கு
அளக்காமலே தெரியும்.
போமில் அதற்கு இடமும் இல்லை.
விதிப்படி, காயத்துக்கு ஒரு சாண் தள்ளித் தாளை வைத்து
முப்பத்தாறு என்று எழுதினேன்.

பன்னிரண்டாவது குளக்கட்டுக்குக் கிட்ட.
ஆவணி வெயிலில் எல்லாம் சருகாய்,
செத்ததுபோல.
குடிக்கவென்று வைத்திருந்த போத்தலைத் திறந்து
ஒரு கை தெளித்தேன்.
நூறு எண்ணி முடிக்கமுன்
சாம்பல் பச்சையாகிவிட்டது.
“அடியேய்” என்றாள் தாட்சாயினி.
இன்னொருக்கால் தெளித்தோம்.
வேலைக்குத் தேவையில்லைத்தான்.
மிச்சத் தண்ணீரும் அதற்கே போய்
திரும்பி நடந்த வழி முழுக்க
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

கிறஷர் வாசலில் காவலாளி லோகசிங்கம்
தன்ரை போத்தலை நீட்டினார்.
“காட்டுக் கந்தோரோ பிள்ளையள்?”
“இல்லை அண்ணை, சுற்றாடல்.”
“மரத்திலை அப்பிடி என்னத்தை எண்ணுறியள்?”
சொன்னோம்.
தாளை வாங்கித்
தன் சேட்டின்மேல் வைத்து அமத்தினார்.
“இதிலை எத்தினை எண்டும் பாருங்கோவன்.”
சிரித்தார். சிரிப்பு
இருமலுக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.
திருப்பித் தந்தபோது
நூறு கட்டமும் வெள்ளை.

துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்:
“மூண்டு எண்டு ஒரு மரத்திலை எழுதினனீங்களெல்லே,
எங்கடை வேலியோடை நிக்கிற பாலை.
ரெண்டு சின்னனுகள் அதுக்குக் கீழைதான் விளையாட்டு.
அது எப்பிடி, நல்ல மரமோ?”

தாட்சாயினி என்னைப் பார்த்தாள்.
தெரியாதவள்போல நான் போமைப் புரட்டினேன்.
பென்சிலால் அல்ல,
பேனையால் எழுதியிருந்தேன்.

அப்போது ரிப்பர் ஒன்று
வாசலால் திரும்பி உள்ளே வந்தது.
அது போய்முடியட்டுமென்று
மூன்றுபேரும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.